வீட்டிலேயே குரல் பதிவு: மைக் வாங்கும் முன் அறையைக் கவனியுங்கள்

என் சித்தி மகள் ஒருத்தி. எனக்குத் தங்கை முறை. கல்லூரி நாடகங்களில் பாட்டி குரல், குழந்தைக் குரல் என்று மாற்றி மாற்றிப் பேசிக் கைதட்டல் வாங்கியவள். டப்பிங், ஒலிப் புத்தகம் என ஏதாவது ஒன்றில் குரல் கொடுத்துச் சம்பாதிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. வீட்டில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியதும், தன் சேமிப்பில் இருந்து 9,000 ரூபாய் கொடுத்து ஒரு கண்டென்சர் மைக் வாங்கினாள். மாதிரிப் பதிவு ஒன்றைத் தயார் செய்து ஒரு ஸ்டூடியோவிற்கு அனுப்பினாள். இரண்டு நாளில் பதில் வந்தது. "குரல் நன்றாக இருக்கிறது. ஆனால் அறைச் சத்தம் அதிகம். பயன்படுத்த இயலாது."

"அண்ணா, இதைவிட விலை கூடிய மைக் வாங்கணுமா?" என்று கேட்டாள். பதிவை ஹெட்போனில் போட்டுக் கேட்டேன். பின்னணியில் சீலிங் ஃபேன் ஓடிக் கொண்டிருந்தது. அவள் குரலோ காலி மண்டபத்தில் நின்று பேசுவது போலக் கேட்டது. மைக்கில் ஒரு குறையும் இல்லை. அது தன் வேலையைச் சரியாகச் செய்து, அந்த அறையில் இருந்த அனைத்தையும் பதிவு செய்திருந்தது.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிக் குரல் பதிவில் இறங்கும் பலரும் செய்திடும் தவறு இதுதான். பணத்தை மைக்கில் போடுகிறோம். அறையையும், நாம் உட்காரும் தூரத்தையும் மறந்து விடுகிறோம். எதை முதலில் சரி செய்வது, எதற்குப் பணம் செலவழிப்பது என்று இங்கு பார்ப்போம்.

மைக் வகைகள்

நாம் பேசும்போது காற்று அதிர்கிறது. அந்த அதிர்வு மைக்கினுள் இருக்கும் மெல்லிய சவ்வை அசைக்கிறது. அந்த அசைவு மின்சாரமாக மாற்றப்படுகிறது. மாற்றும் முறையை வைத்து மைக்குகளை இரண்டு பெரும் வகைகளாகப் பிரிக்கலாம்.

டைனமிக் மைக்: சவ்வுடன் ஒரு கம்பிச் சுருள் ஒட்டப்பட்டிருக்கும். அது காந்தத்தின் இடையே அசையும்போது மின்சாரம் உண்டாகிறது. உறுதியானது, கீழே விழுந்தாலும் அவ்வளவு எளிதில் கெடாது. மேடைகளில் பாடகர்கள் கையில் பிடித்திருப்பது பெரும்பாலும் இந்த வகைதான். ஷூர் நிறுவனத்தின் எஸ்.எம்.58 மைக் 1966ல் வெளிவந்து இன்றும் விற்பனையாகிறது.

கண்டென்சர் மைக்: இதில் சவ்வும் அதன் பின்னால் உள்ள தகடும் சேர்ந்து ஒரு மின்தேக்கியாக வேலை செய்கின்றன. மிக மெல்லிய ஒலியையும் நுணுக்கமாக எடுக்கும். இயங்குவதற்கு மின்சாரம் தேவை. பெரிய ஸ்டூடியோ கண்டென்சர் மைக்குகளுக்குக் கேபிள் வழியாகவே 48 வோல்ட் தரப்படும். இதனை பாண்டம் பவர் என்பார்கள்.

கண்டென்சரிலேயே விலை குறைந்த வகை எலக்ட்ரெட். இதனை 1962ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கெர்ஹார்டு செஸ்லர், ஜேம்ஸ் வெஸ்ட் ஆகிய இருவரும் உருவாக்கினார்கள். சட்டையில் குத்திக் கொள்ளும் சிறிய காலர் மைக்குகள் பெரும்பாலும் இந்த வகைதான்.

எது சிறந்தது என்று கேட்டால், அறையைப் பொறுத்தது என்பதே பதில். அமைதியான, எதிரொலி இல்லாத அறையில் கண்டென்சர் அழகாகப் பதிவு செய்யும். அமைதி இல்லாத அறையில் அதே நுணுக்கம் நமக்கு எதிராகத் திரும்பும். டைனமிக் மைக்கை வாய்க்கு அருகில் வைத்துப் பேசுவது வழக்கம் என்பதால் அறைச் சத்தம் குறைவாக விழும். ஆனால் தூரத்தில் வைத்தால் அதற்கும் அதே கதிதான்.

கம்ப்யூட்டரில் எங்கே இணைப்பது?

மூன்று வழிகள் உண்டு. முதலாவது 3.5 மி.மீ. துளை. டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் பின்புறம் பார்த்தால் இளஞ்சிவப்பு, பச்சை, நீலம் என வண்ணத் துளைகள் இருக்கும். இளஞ்சிவப்புதான் மைக்கிற்கு உரியது. பச்சை ஸ்பீக்கருக்கு. லேப்டாப்களில் பெரும்பாலும் இரண்டிற்கும் சேர்த்து ஒரே துளைதான் இருக்கும். அதில் போன் ஹெட்செட்டில் வருவது போல மூன்று கருப்பு வளையங்கள் கொண்ட பின் தேவை. இரண்டு வளையப் பின்னுள்ள மைக்கைச் செருகினால் வேலை செய்யாமல் போகலாம். இதற்கெனத் தனி அடாப்டர் கிடைக்கிறது.

இரண்டாவது யு.எஸ்.பி. மைக். ஒலியை டிஜிட்டலாக மாற்றும் சர்க்யூட் மைக்கினுள்ளேயே இருக்கும். செருகியவுடன் விண்டோஸ் அடையாளம் கண்டு கொள்ளும். புதியவர்களுக்கு இதுவே எளிது.

மூன்றாவது எக்ஸ்.எல்.ஆர். எனப்படும் மூன்று முனைக் கேபிள். இதற்கு ஆடியோ இன்டர்பேஸ் என்ற பெட்டி ஒன்றையும் தனியாக வாங்க வேண்டும். மைக்கின் விலையை மட்டும் பார்த்துவிட்டு இந்தச் செலவை மறந்து விடாதீர்கள். புகழ்பெற்ற மைக் என்று எஸ்.எம்.7பி போன்ற ஒன்றை வாங்கி, மலிவான இன்டர்பேஸில் இணைத்துவிட்டு, "சத்தமே வரவில்லை" என்று தவிப்பவர்கள் உண்டு. அது மிகக் குறைந்த அளவு சிக்னல் தரும் மைக். அதற்கு ஏறத்தாழ 60 டெசிபல் வரை பெருக்கித் தரும் திறன் இன்டர்பேஸில் இருக்க வேண்டும்.

புளூடூத் இயர்போனைக் குரல் பதிவிற்குப் பயன்படுத்த வேண்டாம். அதன் மைக் இயங்கத் தொடங்கியவுடன், வழக்கமான ஹேண்ட்ஸ்-ஃப்ரீ முறையில், ஒலி நொடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகள் என்ற அளவிற்குச் சுருங்கி விடுகிறது. போன் பேச இது போதும். "ச", "ஸ" போன்ற எழுத்துகளின் கூர்மை இதில் மங்கி விடும்.

செலவில்லாத முதல் மருந்து: தூரம்

ஒலி வரும் இடத்திற்கும் மைக்கிற்கும் உள்ள தூரம் பாதியானால், மைக்கில் விழும் ஒலி 6 டெசிபல் கூடும். என் தங்கை மைக்கை மானிட்டருக்குப் பக்கத்தில் வைத்து, சுமார் 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்து பேசியிருந்தாள். அதை 30 செ.மீ. ஆக்கினால் 6 டெசிபல் லாபம். 15 செ.மீ. ஆக்கினால் மொத்தம் 12 டெசிபல் லாபம். ஃபேன் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதன் ஒலி கூடவில்லை. இப்போது மைக்கின் அளவை 12 டெசிபல் குறைத்து வைக்கலாம். குரல் முன்பு போலவே பதிவாகும். ஃபேன் சத்தம் 12 டெசிபல் இறங்கி விடும். இதற்கு ஆன செலவு ஒன்றுமில்லை.

எனவே வாய்க்கும் மைக்கிற்கும் இடையே ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான தூரம் இருக்கட்டும். அதற்கும் அருகில் போனால் இரண்டு தொல்லைகள் வரும். ஒரு பக்கம் மட்டும் கேட்கும் மைக்குகளில் குரலின் அடித்தொனி செயற்கையாகத் தடிக்கும். அடுத்து, "ப" என்று தொடங்கும் சொற்களில் வாயிலிருந்து வரும் காற்று சவ்வில் மோதி "டப்" என்று வெடிக்கும். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்து "பாப்பா பட்டம் பறக்கவிட்டாள்" என்று சொல்லிப் பாருங்கள். காற்று படுவது தெரியும். இதனைத் தடுக்க பாப் ஃபில்டர் என்ற வலை கிடைக்கிறது. அது இல்லாவிட்டால், மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல், வாயின் ஓரத்திற்குச் சற்று விலக்கி, வாயை நோக்கிச் சாய்த்து வையுங்கள். காற்று நேரே போய்விடும். குரல் மட்டும் மைக்கில் விழும்.

மைக்கின் எந்தப் பக்கம் பேச வேண்டும் என்பதையும் பாருங்கள். பெரிய சவ்வுள்ள பல கண்டென்சர் மைக்குகளில் உச்சியில் அல்ல, பக்கவாட்டில்தான் பேச வேண்டும். நிறுவனத்தின் பெயர் அச்சிடப்பட்ட பக்கமே பெரும்பாலும் முன்பக்கம். பெட்டியில் இதய வடிவக் குறி இருந்தால் அது கார்டியாய்டு வகை. முன்னால் இருப்பதை நன்றாகவும் பின்னால் இருப்பதைக் குறைவாகவும் கேட்கும். அதன் முதுகுப் பக்கம் கம்ப்யூட்டரின் ஃபேனையோ, தெருப்பக்கத்து ஜன்னலையோ பார்க்கும்படி வையுங்கள்.

அறையைச் சரி செய்தல்

அறையில் இரண்டு தனித்தனிப் பிரச்னைகள் இருக்கின்றன. ஒன்று வெளியிலிருந்தும் கருவிகளிலிருந்தும் வரும் சத்தம். மற்றது நம் குரலே சுவரில் மோதித் திரும்பும் எதிரொலி. ஒன்றிற்கான மருந்து மற்றதற்குப் பயன்படாது. சுவரில் ஒட்டும் மெல்லிய ஃபோம் ஷீட் தெருச் சத்தத்தைத் தடுக்காது. அது எதிரொலியை, அதிலும் மேல் தொனிகளை மட்டுமே சற்றுக் குறைக்கும். ஃபோம் ஒட்டிவிட்டால் பக்கத்து வீட்டு மிக்ஸி கேட்காது என்று நம்பிப் பணம் செலவழிக்க வேண்டாம்.

சத்தத்தைப் பொறுத்தவரை, எது எப்போது கேட்கிறது என்று ஒரு நாள் கவனித்துக் குறித்துக் கொள்ளுங்கள். குக்கர் விசில், காய்கறி வண்டி, பள்ளி வேன் எல்லாவற்றிற்கும் ஒரு நேரம் உண்டு. அவை இல்லாத அதிகாலையோ இரவோ உங்கள் பதிவு நேரம். ஃபேனை நிறுத்தித்தான் ஆக வேண்டும். வெயில் காலத்தில் இது சிரமம்தான். இருபது நிமிடம் பதிவு, பத்து நிமிடம் ஃபேன் காற்று என்று பிரித்துக் கொள்ளுங்கள். பிரிட்ஜ் சத்தம் கேட்டால் பதிவு முடியும் வரை அணைக்கலாம். மறுபடி போட மறக்காமல் இருக்க ஒரு வழி: வீட்டுச் சாவியை பிரிட்ஜுக்குள் வைத்து விடுங்கள்.

எதிரொலிக்கு, முதலில் அறையின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். தட்டியபின் "ஞிங்" என்று ஒலி நீண்டால் அந்த அறை வேண்டாம். டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும் உள்ள ஹால்தான் மிக மோசம். கட்டில், மெத்தை, துணி நிறைந்த பீரோ உள்ள படுக்கை அறை நல்லது. தரையில் ஜமுக்காளம் விரியுங்கள். பீரோ கதவுகளைத் திறந்து வைத்து, அதற்கு முதுகு காட்டி உட்காருங்கள். முன்பக்கம் மட்டும் கேட்கும் மைக் உங்கள் முகத்தை நோக்கி இருப்பதால், உங்கள் முதுகிற்குப் பின்னால் இருக்கும் சுவரின் எதிரொலிதான் அதில் நேராக விழும். அங்கே புடவையும் போர்வையும் இருந்தால் ஒலி அவற்றில் அடங்கி விடும். மைக்கிற்குப் பின்னால் இருக்கும் சுவரில் ஒரு பஞ்சு மெத்தையைச் சாய்த்து வைக்கலாம்.

விண்டோஸ், ஆடாசிட்டி அமைப்புகள்

விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ் சென்று சிஸ்டம், பின் சவுண்ட் தேர்ந்தெடுக்கவும். இன்புட் பிரிவில் உங்கள் மைக்கின் பெயரில் கிளிக் செய்திடவும். அங்குள்ள ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் என்பதை ஆப் செய்து விடவும். வீடியோ அழைப்புகளுக்கு உதவும் இந்த வசதி, குரல் பதிவில் சொற்களின் முடிவை விழுங்கி விடலாம். அதே இடத்தில் ஃபார்மேட் என்பதில் 24 பிட், 48,000 ஹெர்ட்ஸ் இருந்தால் தேர்ந்தெடுக்கவும்.

இந்த எண்களின் பொருள் என்ன? ஹெர்ட்ஸ் எண், ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து எழுதுகிறோம் என்பதைக் காட்டுகிறது. மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதைப் பிழையின்றிப் பதிய, அதைப் போல் இரு மடங்கிற்கு மேல் அளக்க வேண்டும். எனவேதான் சி.டி.க்கு 44,100, வீடியோவிற்கு 48,000. பிட் எண், ஒவ்வொரு அளவையும் எத்தனை படிகளில் எழுதுகிறோம் என்பது. 16 பிட்டில் 65,536 படிகள். 24 பிட்டில் 1.67 கோடிக்கும் மேல். 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ பதிவு ஒரு நிமிடத்திற்கு சுமார் 8.6 எம்பி இடம் பிடிக்கும்.

பதிவு செய்திட ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேர் போதும். 2000ஆம் ஆண்டில் வெளிவந்து இன்றும் மேம்படுத்தப்பட்டு வருகிறது. அதன் சொந்தத் தளத்திலிருந்தே டவுன்லோட் செய்திடவும். இங்கு தரப்படும் மெனு பெயர்கள் 3ஆம் பதிப்பு வரிசைக்கு உரியவை. ஆடியோ செட்டப் பட்டனில் கிளிக் செய்து, ரெக்கார்டிங் டிவைஸில் உங்கள் மைக்கைத் தேர்ந்தெடுக்கவும். பலர் புது மைக்கை வாங்கிவிட்டு லேப்டாப்பின் உள் மைக்கிலேயே பதிவு செய்து கொண்டிருப்பார்கள். மைக்கின் மீது விரலால் மெல்லத் தட்டிப் பாருங்கள்; மீட்டர் துள்ளினால் சரியான மைக். ரெக்கார்டிங் சேனல்ஸில் மோனோ தேர்ந்தெடுக்கவும். ஒரு வாய்க்கு ஸ்டீரியோ தேவையில்லை. ஆர் கீயை அழுத்தினால் பதிவு தொடங்கும். ஸ்பேஸ் பார் அழுத்தினால் நிற்கும்.

டிஜிட்டல் ஒலியில் உச்ச அளவு 0 டெசிபல். அதற்குக் கீழே எல்லாம் மைனஸ். 0ஐத் தொட்டால் அலையின் தலை வெட்டுப்பட்டுக் கரகரக்கும். பின்னர் அதை முழுமையாகச் சரி செய்ய முடியாது. எனவே உங்கள் வசனத்தின் மிக உரத்த வரியைப் பேசிப் பார்த்து, மீட்டர் மைனஸ் 12க்கும் மைனஸ் 6க்கும் இடையே நிற்குமாறு மைக் அளவை வைக்கவும்.

பத்து விநாடிப் பரிசோதனை

உங்கள் அறை தேறுமா என்பதைக் காது மட்டும் சொன்னால் போதாது. எண்ணும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஸ்டூடியோவும் தனக்கென ஓர் அளவு வைத்திருக்கும். பொதுவில் வெளியிடப்பட்ட ஓர் அளவுகோல் வேண்டுமென்றால், ஆடிபிள் நிறுவனத்தின் ஏ.சி.எக்ஸ். ஒலிப் புத்தகப் பிரிவு கேட்பதை எடுத்துக் கொள்ளலாம். சராசரி ஒலி மைனஸ் 23க்கும் மைனஸ் 18க்கும் இடையே; உச்சம் மைனஸ் 3ஐத் தாண்டக் கூடாது; பேசாத இடங்களில் சத்தம் மைனஸ் 60 அல்லது அதற்கும் கீழே. அதாவது, குரலுக்கும் அறைக்கும் இடையே ஏறத்தாழ 40 டெசிபல் இடைவெளி வேண்டும். 40 டெசிபல் என்பது நூறு மடங்கு. உங்கள் குரல் நூறு என்றால் அறைச் சத்தம் ஒன்றுக்கு மேல் போகக் கூடாது.

இதனைச் சோதிக்கும் முறை:

1. பதிவைத் தொடங்கி, பத்து விநாடி அசையாமல் பேசாமல் இருங்கள். பின் ஒரு நிமிடம் வழக்கமான குரலில் படியுங்கள்.
2. முழுவதையும் தேர்ந்தெடுத்து, எபெக்ட் மெனுவில் ஹை-பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் தரவும். நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் மேசை அதிர்வும் இதில் குறையும்.
3. லவுட்னெஸ் நார்மலைசேஷனில் ஆர்.எம்.எஸ். தேர்ந்தெடுத்து மைனஸ் 20 தரவும்.
4. லிமிட்டரில் உச்ச வரம்பை மைனஸ் 3.5 ஆகத் தரவும்.
5. இப்போது அந்த அமைதியான பத்து விநாடியை மட்டும் தேர்ந்தெடுத்து, அனலைஸ் மெனுவில் மெஷர் ஆர்.எம்.எஸ். கிளிக் செய்திடவும்.

மைனஸ் 60 அல்லது அதற்கும் கீழே வந்தால் அறை தேறியது. மைனஸ் 45 வந்தால் மைக் கடைக்குப் போகாதீர்கள். ஃபேன், ஜன்னல், தூரம் ஆகிய மூன்றையும் மறுபடி பாருங்கள். குரலின் அளவை உயர்த்தியபின் அளப்பது முக்கியம். குரலை உயர்த்தும்போது சத்தமும் அதே அளவு உயரும் என்பதால், முன்னதாக அளந்தால் பொய்யான நம்பிக்கைதான் கிடைக்கும்.

ஆடாசிட்டியில் நாய்ஸ் ரிடக்ஷன் என்ற வசதி இருக்கிறதே என்று கேட்கலாம். ஒரே சீரான மெல்லிய இரைச்சலுக்கு 6 டெசிபல் அளவில் அதைப் பயன்படுத்தலாம். அதிகம் தந்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலாகும். எதிரொலியை அது நீக்காது. பதிவுகளைக் கேட்டுப் பழகியவர்களுக்கு அந்தச் செயற்கை ஒலி உடனே தெரிந்து விடும்.

சேமித்தலும் அனுப்புதலும்

ஆடாசிட்டியில் சேவ் செய்தால் உருவாவது புராஜக்ட் பைல். அது பாட்டு பைல் அல்ல. வேறு பிளேயரில் திறக்காது. அதனை அனுப்பிவிட்டு ஸ்டூடியோவிலிருந்து பதில் வரவில்லையே எனக் காத்திருக்க வேண்டாம். பைல் மெனுவில் எக்ஸ்போர்ட் ஆடியோ தேர்ந்தெடுத்து வேவ் பைலாக ஒன்று எடுத்து வைக்கவும். எம்பி3 கேட்டால் அந்த வேவ் பைலிலிருந்து கடைசியில் உருவாக்கவும். ஏ.சி.எக்ஸ். கேட்பது 44,100 ஹெர்ட்ஸ், குறைந்தது 192 கேபிபிஎஸ் எம்பி3. எந்த மாற்றமும் செய்யாத மூலப் பதிவைத் தனி போல்டரில் பத்திரமாக வையுங்கள். வாட்ஸ்ஆப்பில் அனுப்ப நேர்ந்தால் வாய்ஸ் மெசேஜாகப் பேசி அனுப்பாமல், டாகுமெண்ட் என்ற வழியில் பைலாக அனுப்பவும்.

பணம் எதில் போடலாம்?

என் பரிந்துரை வரிசை இதுதான். முதலில் காது மூடும் ஹெட்போன். ஸ்பீக்கரில் கேட்டால் தவறுகள் தெரியாது. அடுத்து மைக்கை வாய்க்கு அருகில் நிறுத்தும் ஸ்டாண்ட், பாப் ஃபில்டர். அதன் பிறகு யு.எஸ்.பி. மைக். வேலை வரத் தொடங்கியபின் இன்டர்பேஸும் எக்ஸ்.எல்.ஆர். மைக்கும். இதில் எதையும் வாங்கும் முன், உங்களிடம் இருக்கும் போன் ஹெட்செட்டை வைத்தே மேலே சொன்ன பத்து விநாடிப் பரிசோதனையைச் செய்து பாருங்கள். அதன் மைக்கிற்கும் சொந்தமாகச் சற்று இரைச்சல் உண்டு என்பதால் மைனஸ் 60ஐ அது எட்டாமல் போகலாம். ஃபேனை நிறுத்தியும் இயக்கியும், ஹாலிலும் படுக்கை அறையிலும் அளந்து ஒப்பிடுங்கள். எந்த இடம், எந்த நேரம் நல்லது என்பது தெரிந்து விடும்.

என் தங்கை புது மைக் எதுவும் வாங்கவில்லை. அதே 9,000 ரூபாய் மைக். ஹாலிலிருந்து படுக்கை அறைக்கு மாறி, பீரோவைத் திறந்து வைத்து, ஃபேனை நிறுத்தி, விடியற்காலை ஐந்து மணிக்குப் பதிவு செய்தாள். மைனஸ் 61 வந்தது. அதே ஸ்டூடியோவிற்கு அனுப்பினாள். "வயதான பாத்திரத்திற்கு மூச்சு இன்னும் தளர்வாக இருக்கட்டும், மறுபடி அனுப்புங்கள்" என்று பதில் வந்தது. வேலை இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் இந்த முறை அவர்கள் அறையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவள் நடிப்பைப் பற்றித்தான் பேசினார்கள். அதற்கு அவளிடம் பதில் இருக்கிறது. நாளை அதிகாலை மறுபடி உட்காரப் போகிறாள்.